மிளகுக் கிடங்கு மாடியில் சுலேகா

மைக்ராஸ்கோப்பை ஜன்னலோரம் வைத்திருந்தோம். அதன் அடியில் இருக்கும் வட்டக் கண்ணாடியில் நேர் வெயில் படக்கூடாது, வானத்து வெளிச்சம் போதும். காயல் பக்கத்து ஜன்னலில் அது தாராளமாகக் கிடைத்தது. மழை ஓய்ந்திருந்த ஒரு சனிக்கிழமை மத்தியானம். கீழே கிடங்கில் மூட்டை உருட்டும் சத்தமும், பலகை இடுக்கு வழியே மிளகின் காரமும் சுக்கின் வாசமும் மேலே வந்துகொண்டிருந்தன.

பெண்கள் வரிசையில் நின்றார்கள். அவர்களுக்குப் பெரிய கஷ்டம் ஒரு கண்ணை மட்டும் மூடுவது. ஒன்றை மூடினால் மற்றதும் சேர்ந்து மூடிக்கொண்டது. அதனால் சுலேகா மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்திலேயே நின்று, வருகிறவர்களின் இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்திவிட்டாள்.

"கண்டோ?" என்று மலையாளத்தில் கேட்பாள். "கண்டு" என்று பதில் வந்ததும் கையை எடுப்பாள். அடுத்தவள் வருவாள்.

கண்ணாடித் தகட்டில் இருந்தது ஒரு சொட்டு மனித ரத்தம். உலர்த்திச் சாயம் ஏற்றியது. அதில் ஊதா நிறத்தில், சுருண்டு கிடக்கும் தையல் நூல் துண்டு போல ஒரு புழு. மந்துகாலுக்கு, அதாவது யானைக்கால் வியாதிக்கு, விதை அதுதான்.

எங்கள் தெருக்கோடியில் இருந்த கல்யாணிச் சேச்சி பார்த்தாள். பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். எந்தக் கெட்ட ஜன்மத்தின் ரத்தமோ, பாபம் செய்த உடம்பில்தான் இப்படிப் பூச்சி பிடிக்கும் என்று மலையாளத்தில் உரக்கச் சொன்னாள். வரிசையில் இருந்தவர்களும் ஓர் அடி பின்வாங்கினார்கள்.

சுலேகாவின் கை அடுத்தவளின் கண் மேல் அப்படியே நின்றுவிட்டது.

அந்த மத்தியானத்தைப் பற்றிச் சொல்லுமுன், நாங்கள் இருவரும் அந்த ஜன்னலுக்கு வந்து சேர்ந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தூங்கிய வகுப்பு

அப்பா கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு எழுதினார். எங்கள் குடும்பம் பாலக்காட்டிலிருந்து அவருடைய அப்பா காலத்திலேயே வந்தது. நான் படகில் எறணாகுளம் போய்வந்து விலங்கியல் படித்துப் பட்டம் வாங்கினேன். வாங்கிய பின் செய்வதற்கு ஒன்றுமில்லை. வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வீட்டில் அப்பளம் காயவைத்துக்கொண்டிருந்தேன்.

கிடங்கின் மாடியில் ஒரு வாயனசாலை இருந்தது. பத்திரிகையும் நாலு அலமாரி புத்தகமும் உள்ள சிறு நூலகம். சனிக்கிழமை மத்தியானங்களில் அங்கே ஆண்கள் கிடையாது. பெண்களுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தார்கள். அதன் காரியதரிசி வர்க்கீஸ் மாஸ்டர் ஒரு நாள் அப்பாவிடம், எழுத்து முடிந்ததும் கொஞ்சம் சயன்ஸ் சொல்ல உங்கள் மகளை அனுப்புங்கள் என்று கேட்டார். அம்மாவுக்கு அரை மனது. வரன் வரும்போது இதுவும் ஒரு யோக்யதையாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அப்பா சமாதானம் சொன்னார்.

முதல் சனிக்கிழமை உயிரணுவைப் பற்றிப் பேசினேன். புத்தகத்து மலையாளம். இரண்டாம் சனிக்கிழமை இரத்த ஓட்டம். பெண்கள் மரியாதையாகத் தூங்கினார்கள். மீன் கழுவி, துணி துவைத்து, குழந்தைகளை உறங்கவைத்துவிட்டு வந்தவர்கள். வாரத்தில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே நல்ல தூக்கம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

எல்லோரும் போன பிறகு ஒருத்தி மட்டும் நின்றாள். தலையில் வெள்ளை முக்காட்டுத் துணி, தட்டம் என்பார்கள், போட்டிருந்தாள். என் வயதுதான். தமிழில் பேசியதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"டீச்சர், நீங்க சொன்னதெல்லாம் புஸ்தகத்துல இருக்கும். இங்க காட்ட முடியுமா? காட்டினா கேப்போம். இல்லேன்னா அடுத்த சனிக்கிழமையும் உறங்குவோம்."

அவள்தான் சுலேகா. பொள்ளாச்சியில் பிறந்து, தமிழில் அஞ்சாம் வகுப்பு வரை படித்தவள். புருஷன் காசிம் ராவுத்தர் கடைத்தெருவில் குடைக்கடை வைத்திருந்தார். அந்த மாடியில் மலையாளமும் கொங்கணியும்தான் கேட்கும். எங்கள் இருவருக்குள் மட்டும் தமிழ். என்னுடைய அய்யர் தமிழைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு வரும். அவளுடைய 'ங்க'வைக் கேட்டு எனக்கு. ஒரு மாதத்தில் 'டீச்சர்' போய்க் 'கோமதி' வந்துவிட்டது.

முட்டையும் மிளகும்

கல்லூரியில் நான் செய்துபார்த்ததற்கெல்லாம் குடுவை, குழாய், அமிலம் வேண்டும். மாடியில் இருந்தது ஒரு மண்பானையும் ஒரு தம்ளரும். என்ன வேண்டும் என்று நான் சொல்வேன். அதற்குப் பதிலாக வீட்டில் எது இருக்கிறது என்று சுலேகா யோசிப்பாள்.

காற்றுக்கு அழுத்தம் உண்டு என்று காட்ட அவித்த முட்டை தேவைப்பட்டது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லையே சமையலறைக்கு வெளியே போய்த்தான் சொல்ல வேண்டும். சுலேகா வீட்டில் அவித்து, உரித்து, இலையில் பொதிந்து கொண்டுவந்தாள். காசிம் எங்கிருந்தோ வாய் அகன்ற பால்புட்டி ஒன்றைத் தேடிக் கொடுத்திருந்தார். காகிதத்தைக் கொளுத்திப் புட்டிக்குள் போட்டு, புட்டியின் வாயில் முட்டையை வைத்தாள். தீ அணைந்தது. முட்டை மெல்ல நீண்டு, ஒரு சத்தத்தோடு உள்ளே விழுந்தது.

அன்று யாரும் தூங்கவில்லை. புட்டிக்குள் இருப்பதை வெளியே எடுப்பது எப்படி என்று அரைமணி நேரம் சண்டை நடந்தது. புட்டியைக் கவிழ்த்து வாயில் வைத்துப் பலமாக ஊதினால் வெளியே வரும் என்றேன். ஊதிக் காட்டச் சொன்னார்கள். ஒரு பிராமணப் பெண் முட்டைப் புட்டியில் வாய் வைப்பதைப் பார்க்க அத்தனை பேருக்கும் ஆசை. சுலேகா என் கையிலிருந்து புட்டியை வாங்கி, தானே ஊதினாள்.

இன்னொரு வாரம் தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் மேல் மிளகுப்பொடி தூவினாள். மிளகுக்கு எங்கள் ஊரில் பஞ்சமா? சோப்பில் தொட்ட விரலைத் தண்ணீரின் நடுவில் வைத்ததும் பொடி முழுக்கத் தட்டின் விளிம்புக்கு ஓடியது. பெண்கள் ஆளுக்கொரு தட்டு கேட்டார்கள். அவரவர் விரலால் ஓட்டிப் பார்க்க வேண்டும். அன்றைக்கு மாடி முழுக்கத் தும்மல்.

செம்பருத்திச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் சிவக்கும், ஆப்பத்துக்குப் போடும் சோடாவைக் கரைத்தால் பச்சை தட்டும். ஊசியை நீர் மேல் மிதக்கவிடலாம். எதையும் நாங்கள் முதலில் விளக்குவதில்லை. செய்துபார்த்து, ஏன் என்று அவர்களே கேட்ட பிறகுதான் நான் வாய் திறப்பேன். சனிக்கிழமைக்காக வாரம் முழுவதும் காத்திருந்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் சனிக்கிழமை வந்தால் எனக்குத் தலைவலி வந்துவிடும்.

இப்போது நினைத்தால், இருபத்திரண்டு வயதில் நான் எதற்காக அவ்வளவு ஏங்கினேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய்விடுவேன். அவள் அடுப்படியில் உட்கார்ந்து நாளைக்கு என்ன செய்யலாம் என்று பேசுவோம். சாயா ஆறிப்போகும். அவள் மறுபடி சூடாக்குவாள். அதுவும் ஆறிப்போகும்.

கூத்தாடிகள்

எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் மந்துகால் இல்லாத தெரு கிடையாது. வெளியூர்க்காரர்கள் கொச்சியில் பெண் பார்க்க வந்தால், முகத்துக்கு முன்னால் பாதத்தைப் பார்ப்பார்கள் என்பது ஊர்ப்பேச்சு. சுலேகாவின் மாமியார் கதீஜாம்மாவுக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே தூண் போலத் தடித்திருந்தது. எப்போதும் துணியைத் தரை புரள விட்டுத்தான் நடப்பார். ஈரத்தில் மிதித்ததால் வந்தது என்பார். வேறொரு நாள் கொச்சித் தண்ணீரால் என்பார்.

கொசுவினால் வருகிறது என்று நான் சொன்னதை வகுப்பில் ஒருவரும் நம்பவில்லை. கொசு கடிக்காத உடம்பு ஏது, எல்லாருக்கும் வரவில்லையே என்றார்கள். நியாயமான கேள்விதான்.

சுலேகா தன் வீட்டு அடுக்களைக்குப் பின்னால் தேங்கும் சாக்கடையிலிருந்து ஒரு பாத்திரம் தண்ணீர் மொண்டு கண்ணாடிப் பரணியில், அதாவது ஜாடியில், ஊற்றிக் கொண்டுவந்தாள். அதில் சிறு புழுக்கள் உடம்பை முறுக்கி முறுக்கி ஆடிக்கொண்டிருந்தன. கூத்தாடி என்று ஊரில் அதற்குப் பெயர். எல்லாரும் பார்த்தவைதான், யாரும் பொருட்படுத்தாதவை. பரணியின் வாயை மெல்லிய மல்துணியால் கட்டி, அலமாரி மேல் வைத்துவிட்டுப் போனோம்.

அடுத்த சனிக்கிழமை துணிக்கு அடியில் கொசுக்கள் பறந்துகொண்டிருந்தன.

பெண்கள் பரணியைக் கை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே போயிருக்க முடியாது. தங்கள் வீட்டுக் கொல்லையில் தாங்களே கொசு வளர்க்கிறோம் என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. அந்த வாரமே இரண்டு மூன்று வீடுகளில் சாக்கடைக்குப் பலகை மூடி வந்தது.

முதல் விரல்

அதே சமயத்தில் சுகாதார இலாகா ஆட்கள் ரத்தம் எடுக்க வந்தார்கள். அந்தப் புழு இருட்டிய பிறகுதான் மேல் ரத்தத்துக்கு வரும். அதனால் அவர்களும் இருட்டிய பிறகே வந்தார்கள். கதவைத் தட்டி, ஊசியோடு நிற்கும் ஆணுக்கு எந்தப் பெண் விரல் நீட்டுவாள்? தெரு மொத்தமும் கதவைச் சாத்தியது. இன்ஸ்பெக்டர் தாமஸ் பொறுமையான மனிதர். எங்கள் வகுப்பைப் பற்றிக் கேள்விப்பட்டு என்னிடம் வந்து உதவி கேட்டார்.

சுலேகாவிடம் சொன்னேன். யாராவது ஒருத்தி முதலில் விரல் நீட்டினால் மற்றவர்களும் நீட்டுவார்கள் என்றாள் அவள். காசிமிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, தன் வீட்டு வாசலில் எல்லாரும் பார்க்க அவளே நீட்டினாள். அதன் பிறகு ஏழெட்டு வீடுகள் திறந்தன.

சில நாள் கழித்துத் தாமஸ் மறுபடி வந்தார். சம்பந்தப்பட்ட பெண்ணிடம் தானே இதை நேரில் சொல்வது சங்கடம் என்றார். அந்தத் தெருவில் எடுத்த ரத்தங்களில் புழு இருந்தது ஒன்றில் மட்டும். அது சுலேகாவுடையது.

மாடிப்படியில் உட்காரவைத்து அவளிடம் சொன்னேன். மாத்திரை இருக்கிறது, கால் வீங்குவதற்கு முன்பே தெரிந்தது நல்லது என்றெல்லாம் வேகமாகச் சொன்னேன். அவள் தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெலிந்த, அழகான பாதங்கள்.

"எனக்கு அதப் பாக்கணும் கோமதி" என்றாள் கடைசியில்.

தாமஸ் ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் மைக்ராஸ்கோப்பையும் அந்தத் தகட்டையும் தந்தார். வகுப்பு தொடங்குமுன் அவள் தனியாகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, இதை எல்லாருக்கும் காட்டலாம் என்றாள். யாருடையது என்று சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தோம். வீட்டில் காசிமின் தங்கை நபீசாவுக்குக் கோயம்புத்தூரில் சம்பந்தம் பேசியிருந்தார்கள். இன்னும் நிச்சயம் ஆகவில்லை. வீட்டில் இன்னொருத்திக்கும் இந்த வியாதி என்று வெளியே போகக்கூடாது.

ஜன்னலோரம்

கல்யாணிச் சேச்சி பாபம் செய்த உடம்பு என்று சொன்னபோது நிலைமை இதுதான்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சுலேகா கையை எடுத்துவிட்டுத் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"இது எண்டெ ரக்தமாணு, சேச்சீ."

சுலேகா தொடர்ந்து மலையாளத்திலேயே பேசினாள். தான் தினமும் குளிப்பதாகவும், தொழுகை தவறுவதில்லை என்றும், இதுவரை யார் குடியையும் கெடுத்ததில்லை என்றும் சொன்னாள். ஒரு கொசு கடித்தது, அவ்வளவுதான் என்றாள். இன்றைக்கு வரிசையில் நிற்கும் யாரை வேண்டுமானாலும் அது கடித்திருக்கலாம், விரல் நீட்டினால்தான் தெரியும் என்றாள்.

பின்னால் பெஞ்சில் கதீஜாம்மா உட்கார்ந்திருந்தார். மருமகளின் கூத்துகளைப் பார்க்க அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்தப் படியேறி வந்திருந்தார். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். பெண்கள் வழிவிட்டார்கள். மைக்ராஸ்கோப்பை எட்டியதும் சுலேகா மாமியாரின் இடது கண்ணைப் பொத்தினாள்.

கதீஜாம்மா குனிந்தவாறே இருந்தார். நிமிர்ந்தபோது, "இத்தனூண்டா?" என்றார்.

மறுபடி ஒரு தரம் குனிந்து பார்த்தார்.

"இத்தனூண்டுக்கா நான் இந்தக் காலை ஒளிச்சு ஒளிச்சு நடந்தேன்?"

ஜன்னலோரத்திலேயே உட்கார்ந்து, துணியை முழங்கால் வரை ஏற்றிவிட்டார். சொரசொரத்து, கறுத்து, மடிப்பு விழுந்த அந்தக் கால் வெளிச்சத்தில் இருந்தது. மடிப்புகளைத் தினமும் கழுவித் துடைத்துக் காயவைத்தால் காய்ச்சல் அடிக்கடி வராது என்று தாமஸ் எனக்குச் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன். கல்யாணிச் சேச்சிதான் பானையிலிருந்து தண்ணீர் மொண்டுவந்தாள். எதிரே உட்கார்ந்து, தன் கையாலேயே அந்தக் காலைக் கழுவினாள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வரவில்லை. கழுவிக்கொண்டே அழுதாள்.

அடுத்த முறை தாமஸின் ஆட்கள் வந்தபோது தெருவில் ஒரு கதவும் சாத்தியிருக்கவில்லை.

அதன் விலை

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு விஷயம் போய்ச் சேர ஒரு மாதம் ஆகவில்லை. யார் சொன்னார்கள் என்று தெரியாது. அறை நிறையப் பெண்கள் இருந்த இடத்தில் அதைத் தேடுவதில் அர்த்தமில்லை. சம்பந்தம் வேண்டாம் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார்கள்.

கதீஜாம்மா மருமகளைத் திட்டவில்லை. நீ சொன்னதில் தப்பில்லை, ஆனால் என் பெண்ணுக்கு நான் என்ன பதில் சொல்வது என்று மட்டும் கேட்டாராம். நபீசா சுலேகாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சுலேகா பரிமாறினால் சாப்பிடுவதில்லை. புழு மாத்திரையின் வேகத்தில் சுலேகா காய்ச்சலில் கிடந்த நாட்களிலும் அவள் அறைப்பக்கம் வரவில்லை. கடைசியில் காசிம் குடைக்கடையை ஒரு உறவுக்காரருக்குக் கைமாற்றி, அம்மாவையும் தங்கையையும் அவர் பொறுப்பில் விட்டுவிட்டு, மனைவியை அழைத்துக்கொண்டு பொள்ளாச்சிக்கே போவதென்று தீர்மானித்தார்.

புறப்படுகிற அன்று காலையில் சுலேகா எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா அவளை உள்ளே அழைத்துக் காப்பி கொடுத்தாள். அதற்கு முன் அம்மா அப்படிச் செய்ததில்லை.

வாசலில் நின்று சுலேகா கேட்டாள். "நான் வாய மூடிட்டு இருந்திருக்கணுமோ?"

நான் தலையை ஆட்டினேன். ஆமாம் என்று ஆட்டினேனா இல்லை என்று ஆட்டினேனா என்று எனக்கே தெரியவில்லை.

நான் சனிக்கிழமைகளை நடத்தினேன். முட்டையைக்கூட நானே உரிக்கக் கற்றுக்கொண்டேன். ஆனால் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் என்ன செய்வதென்று தெரியாமல் படகுத்துறை வரை நடந்துபோய், படகுகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவேன். வகுப்பில் ஏதாவது வேடிக்கையாக நடந்தால் பக்கத்தில் திரும்பித் தமிழில் ஒரு வார்த்தை சொல்ல வாயெடுப்பேன். பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள்.

நபீசாவுக்கு ஒரு வருஷம் கழித்து ஆலப்புழையில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை நல்ல பையன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை அவள் மாடிக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்தாள். போகும்போது, மதனி வந்திருந்தால் நன்றாக இருக்கும் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். நான் பொள்ளாச்சிக்குத் தபால் எழுதினேன். கல்யாணத்துக்குக் காசிம் மட்டும் வந்தார். சுலேகாவுக்கு அப்போது நிறைமாதம்.

பொள்ளாச்சி

எனக்கும் கல்யாணம் ஆகித் திருப்பூணித்துறைக்குப் போய், ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். அறுபதுகளின் நடுவில், கணவர் வழியில் ஒரு கல்யாணத்துக்காகப் பொள்ளாச்சி போக நேர்ந்தது. முகூர்த்தம் முடிந்ததும், காசிம் அங்கேயும் போட்டிருந்த குடைக்கடையை விசாரித்துக்கொண்டு நடந்தேன். கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை.

சுலேகா சற்றுப் பருத்திருந்தாள். மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். மூன்று குழந்தைகள். என்னைக் கண்டதும் என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் வேலையாகப் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பாதத்தைக் காட்டினாள். வீக்கம் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் சிரித்தோம்.

சாப்பிடவைத்தாள். எனக்காகப் பக்கத்து வீட்டுச் செட்டியாரம்மாவிடம் சொல்லிச் சமைக்கவைத்து வாங்கினாள். குழந்தைகளைப் பற்றி, மழையைப் பற்றி, போன வருஷம் காலமான கதீஜாம்மாவைப் பற்றிப் பேசினோம். கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோது அவர் மருமகளைத்தான் கேட்டாராம். சுலேகா கொச்சிக்குப் போய், பத்து நாள் கட்டிலை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டாளாம்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் எழுந்தபோதுதான் அதைக் கேட்டாள்.

"மாடில இப்பவும் நடக்குதா?"

நடக்கிறது என்றேன். எனக்குப் பிறகு ஒரு பெண் வருகிறாள், கெட்டிக்காரி, புதிது புதிதாகச் செய்துகாட்டுகிறாள் என்று கேள்விப்பட்டதைச் சொன்னேன்.

சுலேகா கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தாள்.

"நாம போன பொறவு நின்னு போச்சுன்னு நீ சொல்வேன்னு நெனச்சேன்" என்றாள். "அப்படி நெனைக்கிறது தப்புதான். அவ கூட ஆரு?"

"ஆருமில்லை. அவ ஒத்தையாத்தான் நடத்தறா."

"ஒத்தையாவா?" என்றாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "பாவம்."

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு கிளம்பினாள். கடைத்தெரு ஜனங்கள் பார்க்கப் பார்க்க, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள் என் கையைப் பிடித்திருந்தாள். கண்டக்டர் விசில் ஊதிய பிறகுதான் விட்டாள்.